லைன் ஃப்ரீயா இருக்கட்டும்

கிள்ளானில் எங்கள் வீட்டுத் தொலைபேசியில் மூன்று நிமிடத்துக்கு மேல் யாரும் பேசக் கூடாது. அப்பா போட்ட சட்டம். அவர் தொலைபேசி இலாகாவில் லைன்மேனாக இருந்தவர். மழை விட்டதும் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய் அறுந்த கம்பிகளை இணைக்கிற வேலை. லைன் கிடைக்காமல் சாவுச் செய்தி ஒருநாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்த வீடுகளைப் பற்றிச் சாப்பிடும்போதுதான் சொல்வார். எங்களுக்குச் சோறு இறங்காது. "பேசினது போதும், லைன் ஃப்ரீயா இருக்கட்டும். யாராச்சும் நமக்குக் கூப்புட்டுக்கிட்டு இருப்பாங்க" என்பார். நாங்கள் ரிசீவரை வைத்த பிறகும் அவர் வந்து ஒருமுறை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, அது சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போவார்.

அப்படி அவசரமாக யாரும் எங்களைக் கூப்பிட்டதே இல்லை. பதினேழு வயதில் இதைச் சொல்லி அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். "நம்மள யாருப்பா கூப்புடப் போறாங்க, பிரதமரா?" என்று கேட்டேன். சிரித்தாரே தவிர சட்டத்தை மாற்றவில்லை.

இப்போது ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர்கள் என் பொறுப்பு. பினாங்கில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டருக்குள் இங்கிருந்தே இரண்டு சொடுக்கில் நுழைந்துவிடுகிறேன். வேறொருவருடைய திரை என் முன்னால் திறக்கும் ஒவ்வொரு முறையும் மவுஸிலிருந்து கையை ஒரு நொடி எடுத்துவிடுகிறேன். இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் இது போகவில்லை. நான் உள்ளே நுழைய முடியாமலே போன கம்ப்யூட்டர் அப்பாவுடையது.

அது டயல்-அப் காலம். வீட்டுத் தொலைபேசிக் கம்பியை மோடம் என்ற பெட்டியில் சொருகி, அது கீச்சிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்தால் இன்டர்நெட் கிடைக்கும். இன்டர்நெட்டில் இருக்கும்வரை தொலைபேசி எங்கேஜ். யாரும் கூப்பிட முடியாது, நாமும் யாரையும் கூப்பிட முடியாது.

அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்ததும் குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். பேச்சு போய்விடும், உயிர் நிற்கும் என்றார்கள். இரண்டில் ஒன்றைத்தான் சரியாகச் சொன்னார்கள். நான் அப்போது பெட்டாலிங் ஜெயாவில் ஒரு நிறுவனத்தில், கம்ப்யூட்டர் ஓடவில்லை என்று தொலைபேசியில் கத்துகிறவர்களுக்குப் பதில் சொல்லும் வேலையில் இருந்தேன். அலுவலகம் தூக்கிப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிக் கிள்ளானுக்குக் கொண்டுபோய், தமிழில் தட்டச்சு செய்ய ஏற்பாடு செய்து, மின்னஞ்சல் அனுப்பச் சொல்லிக்கொடுத்தேன். அறுவைச் சிகிச்சைக்கு முந்தின வாரம் அவர் ஒற்றை விரலால் தன் பெயரை அடித்துப் பார்த்துவிட்டு, "அட, நல்லா இருக்கே" என்றார். அவர் குரலில் நான் கேட்டவற்றில் இன்னும் தெளிவாக நினைவிருப்பது அதுதான்.

அறுவைச் சிகிச்சையில் குரலோடு வலது தோளும் விழுந்துவிட்டது. பேனா பிடித்தால் கை நடுங்கியது. இடது கையால் எண்களைக் கோணல்மாணலாக எழுதுவார், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன்.

அடுத்த மாதமே நானும் படுத்துவிட்டேன். வயிற்றில் பிள்ளை. அதற்கு முன் ஒன்று கலைந்திருந்ததால் கட்டிலை விட்டு எழுந்திருக்கக் கூடாது, படி இறங்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிரிக்ஃபீல்ட்ஸில் மூன்றாம் மாடி வீடு, லிஃப்ட் கிடையாது. என் கணவர் துறைமுகத்திலிருந்து வடக்கே கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர், வாரத்தில் நான்கு நாள் வீட்டில் இருக்க மாட்டார். வெளியே மோனோரயிலுக்குத் தூண் இறக்கிக்கொண்டிருந்தார்கள். நாள் முழுக்க அந்த இடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, கட்டிலோரம் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கிடந்தேன். கிள்ளான் ஒரு மணி நேரக் கொமுட்டர் ரயில் பயணம். எனக்கு அது கடல் கடந்த ஊராகிவிட்டது. அந்தப் பிள்ளை நல்லபடியாகப் பிறந்து இப்போது பல்கலைக்கழகமும் முடித்துவிட்டாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் சொல்ல வேறு நல்ல செய்தி இல்லை.

தொலைபேசியில் நான் பேசுவேன், அப்பா மோதிரத்தால் ரிசீவரைத் தட்டுவார். ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை. "சாப்டீங்களாப்பா?" டக். "வலிக்குதா?" டக் டக். இரண்டாவது பொய் என்பது இருவருக்கும் தெரியும். ஆமாம், இல்லை என்ற இரண்டை வைத்துக்கொண்டு ஒரு மனிதரோடு எவ்வளவு பேச முடியும்? ஒரு வாரத்தில் எனக்குக் கேள்விகள் தீர்ந்துபோயின.

அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. தினமும் காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுகிறார் என்று அம்மா சொன்னாள். "ரெண்டு மணி நேரமா ஒத்த விரல்ல குத்திக்கிட்டே இருக்காரு. உனக்குத்தானாம். நடுவுல கண்ணத் தொடச்சிக்கிறாரு. என்னா எழுதுறாருன்னு கேட்டா கை காட்டிப் போகச் சொல்றாரு." அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, எண்கள் மட்டும் தெரியும்.

அந்தக் கடிதங்கள் எனக்கு வந்தன. எல்லாம் கேள்விக்குறிகளாக. பக்கம் பக்கமாகக் கேள்விக்குறிகள், இடையிடையே சொல் பிரியும் வெற்றிடம். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் வழியில் கேள்விக்குறியாக மாறியிருந்தது. எண்களும் புள்ளிகளும் மட்டும் பிழைத்திருந்தன. ஒரு கடிதத்தின் நடுவில் 6.30 என்று இருந்தது. எந்த நாளின் ஆறரை, அப்போது என்ன நடந்தது, தெரியாது. எல்லாக் கடிதமும் ஐந்து கேள்விக்குறியோடு தொடங்கும். என்னை அவர் அம்மா என்றுதான் கூப்பிடுவார். நானே என் கம்ப்யூட்டரில் அந்தச் சொல்லை அடித்துக் கெடுத்துப் பார்த்தேன், ஐந்து கேள்விக்குறி வந்தது. அவர் எழுதியதில் நான் படிக்க முடிந்த ஒரே சொல் அது.

ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கச் சொன்னேன். டக் டக். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவர், தமிழ் எழுத்தைத் தவிர வேறெதிலும் மனசு வராது அவருக்கு. கணவரிடம் ஒரு டிஸ்க்கைக் கொடுத்து, கடிதங்களை அதில் ஏற்றிக் கொண்டுவரச் சொன்னேன். அவர் மலாய்ப் பள்ளியில் படித்தவர், தமிழ் பேசுவார், படிக்க மாட்டார். கம்ப்யூட்டர் என்றாலே கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நிற்பார். ஏதோ ஏற்றினார். வீட்டில் போட்டுப் பார்த்தால் டிஸ்க் ரோசாக். கெட்டுப்போன அந்த டிஸ்க்கை அழித்து மறுபடி தயார்செய்யட்டுமா என்று கம்ப்யூட்டர் என்னைப் பார்த்துக் கேட்டது. அன்று அழுதேன்.

ஆகவே இங்கிருந்தே அப்பாவின் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து சரிசெய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். அதற்கான மென்பொருளை அதில் ஏற்கனவே போட்டு வைத்திருந்தேன். வேலை செய்தால் அவர் திரை என் திரையில் தெரியும், என் மவுஸை நகர்த்தினால் அவருடைய அம்பு நகரும். பத்து நிமிட வேலை. ஆனால் ஒவ்வொரு முறை இன்டர்நெட்டில் நுழையும்போதும் அந்தக் கம்ப்யூட்டருக்குப் புதிதாக ஓர் எண் கிடைக்கும். நான்கு துண்டாக, நடுவில் புள்ளி வைத்த நீளமான எண். அது தெரிந்தால்தான் நான் உள்ளே போக முடியும். அதைச் சொல்ல அப்பாவுக்குக் குரல் இல்லை. அம்மா சொல்லலாமென்றால், இன்டர்நெட்டில் இருக்கும்போது வீட்டு லைன் எங்கேஜ்.

அம்மாதான் வழி சொன்னாள். பக்கத்து வீட்டுச் சீன ஆன்டியின் தொலைபேசி. அப்பா இன்டர்நெட்டில் நுழைந்து, திரையின் மூலையில் தெரியும் எண்ணை இடது கையால் தாளில் எழுதித் தருவார். அம்மா அதை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய் எனக்குச் சொல்வாள். நான் அதற்குப் பிறகு என் மோடத்தைப் போட்டு நுழைவேன். மாலையில் தினமும் இடி மழை, இடித்தால் அம்மா வீட்டிலுள்ள எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிடுவாள். அதனால் காலை பத்து மணி என்று வைத்துக்கொண்டோம். கால் மணி நேரம் பார்த்துவிட்டு வெட்டிவிடுங்கள் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

"எழுதிக்கோ. ரெண்டு கோசோங் ரெண்டு. புள்ளி." பூஜ்யத்தை அம்மா மலாயில் கோசோங் என்றுதான் சொல்வாள். நான் நோட்டில் எழுதி, திருப்பிச் சொல்லி, சரிபார்த்து, தொலைபேசியை வைத்துவிட்டு மோடத்தைப் போடுவேன். எண்ணை அடிப்பேன். மணல் கடிகாரம் ஒன்று திரையில் நிற்கும். பிறகு, இணைக்க முடியவில்லை என்று வரும்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

என்னென்னவோ சந்தேகப்பட்டேன். கடவுச்சொல்லைச் சந்தேகப்பட்டேன். வெளியாட்களைத் தடுக்கும் காவல் மென்பொருளைச் சந்தேகப்பட்டேன். இன்டர்நெட் கொடுப்பவர்கள் வழியை அடைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். மழை விட்ட பிறகு இரவில் தொலைபேசியில் அப்பாவை ஒவ்வொன்றாகக் கேட்பேன். "கடிகாரத்துக்குப் பக்கத்துல சின்னக் கட்டம் தெரியுதாப்பா?" டக். "வெள்ளையா இருக்கா?" டக். மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். எல்லாம் சரியாகவே இருந்தது. அதுதான் என்னைக் கொன்றது. வேலையில் இந்த மாதிரி ஆட்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன், எல்லாம் சரியாத்தான் இருக்கு ஆனா ஓடல என்பார்கள். அவர்களிடம் தேனாகப் பேசுவேன். அப்பாவிடம் மட்டும் வாய் வள்ளென்று விழுந்தது.

மூன்றாவது வாரம் கத்திவிட்டேன். தோற்றுப்போன கையோடு வீட்டுக்குக் கூப்பிட்டால், முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். அன்று அம்மா எண்ணைச் சொல்லி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. லைன் தானாக அறுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன், கிள்ளானில் அது வழக்கம்தான். "வரலப்பா. இன்னைக்கும் வரல. நம்பரப் பாத்து எழுதுறீங்களா இல்லியா? ஒரு நம்பரச் சரியா எழுத முடியாதா?" என்றேன். அந்தப் பக்கம் அவர் கழுத்துத் துளை வழியாக மூச்சு போய் வரும் சத்தம் கேட்டது. பிறகு, டக். எந்தக் கேள்விக்கு அந்த ஆமாம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் அம்மா எண்ணைச் சொல்லி முடித்துவிட்டு, "இரு, இன்னும் இருக்கு" என்றாள்.

"இன்னும் என்னாம்மா?"

"கீழ மறுபடியும் எழுதியிருக்காரு. ரெண்டும் ஒண்ணுதான். ஆனா ரெண்டையும் படிச்சுக் காட்டணுமாம். வெரலால காட்டிக் காட்டிச் சொன்னாரு."

அன்றிலிருந்து எல்லா நாளும் எண் இரண்டு முறை வந்தது. என் நோட்டில் இப்போதும் அப்படியே இருக்கிறது, ஒன்றின் கீழ் ஒன்று.

கடிதங்கள் குறுகிக்கொண்டே வந்தன. முதலில் இரண்டு பக்கம் வந்த கேள்விக்குறிகள், பிறகு அரைப் பக்கம், பிறகு நான்கு வரி. உட்கார்ந்தால் மூச்சு வாங்குகிறது என்றாள் அம்மா. டாக்டர் மறுபடியும் படம் பிடிக்கச் சொல்லியிருக்கிறார் என்றாள். அதன் அர்த்தம் எனக்குப் புரியாமல் இல்லை. எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு திரை, அதைத் திறக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், என்னால் முடியவில்லை. அந்த நாட்களில் சாமியைக்கூட நான் திட்டவில்லை. என்னைத்தான் திட்டிக்கொண்டு கிடந்தேன்.

அந்தக் காலையில் பத்து மணி ஆகியும் அம்மா கூப்பிடவில்லை. பத்தே காலும் ஆனது. எனக்குப் பொறுமை இல்லை. நோட்டில் அதுவரை வந்த எண்கள் எல்லாம் இருந்தன. முதல் இரண்டு துண்டு எப்போதும் ஒன்றுதான், மாறுவது கடைசி இரண்டுதான். பழைய எண்களில் ஏதாவது ஒன்று இன்று திரும்ப வந்திருக்கக் கூடாதா? அறிவுள்ள யாரும் செய்யாத வேலை என்று எனக்கே தெரியும். மோடத்தைப் போட்டேன். எண்களை ஒவ்வொன்றாக அடித்தேன். இணைக்க முடியவில்லை. அடுத்தது. இணைக்க முடியவில்லை. எல்லாம் முடிந்ததும் அவற்றுக்குப் பக்கத்து எண்களை ஆரம்பித்தேன்.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டு எழுந்து போனபோது பதினொன்றரை இருக்கும். கீழ்வீட்டு அக்கா கையில் ஹேன்ட்போனோடு நின்றார். என் கணவர் லோரியை நெடுஞ்சாலை ஓரம் நிறுத்திவிட்டு அவரைக் கூப்பிட்டிருந்தார். போனை வாங்கிக் காதில் வைத்தேன்.

"என்னா செய்யிற நீ? அத்த ஒரு மணி நேரமாக் கூப்புடறாங்க. வீட்டு லைன் எங்கேஜாவே இருக்கு" என்றார். பிறகு குரல் இறங்கியது. "மாமா போயிட்டாருமா."

இறங்கவே கூடாது என்ற மூன்று மாடியையும் இறங்கிக் கிள்ளான் போய்ச் சேர்ந்தேன். ஆனால் வயிற்றுப்பிள்ளைக்காரி பிணத்தைப் பார்க்கக் கூடாதென்று அத்தைமார்கள் என்னைக் கூடத்துக்குள் விடவில்லை. பின்வாசல் வழியாகக் கூட்டிவந்து, கம்ப்யூட்டர் இருந்த அறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள். பறைச் சத்தமும் அழுகையும் கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டன. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

நடந்ததை அம்மா இரண்டு நாள் கழித்துச் சொன்னாள். காலையில் மூச்சு இழுத்திருக்கிறது. சீன ஆன்டி ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டார். அது வரும்வரை அப்பா கையால் தொலைபேசியைக் காட்டிக் காட்டிக் கேட்டிருக்கிறார். அம்மா என் எண்ணைப் போட்டு, ரிசீவரை அவர் காதில் வைத்துப் பிடித்திருக்கிறாள், நான் ஏதாவது பேசினால் கேட்டுக்கொள்ளட்டும் என்று. எங்கேஜ். மறுபடி போட்டாள். எங்கேஜ். "பத்துப் பன்னெண்டு தடவ போட்டேன். அவரு காதுலயே வச்சிருந்தாரு" என்றாள்.

 

போர்ட் கிள்ளானில் சாம்பலைக் கரைத்து வந்த பிறகு ஒருநாள் காலை, அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அவர் அனுப்பிய கடிதங்களின் நகல் இருந்தது, அங்கேயும் கேள்விக்குறிகள்தான். இன்டர்நெட்டைப் போட்டு, தமிழில் ஒரு வரி அடித்து எனக்கே அனுப்பிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் ஒரு சின்னக் கட்டம் வந்தது. எழுத்துகளை மாற்றி அனுப்பட்டுமா, அப்படியே அனுப்பட்டுமா? தான் எழுதியதை யாரும் மாற்றக் கூடாதென்று, ஒவ்வொரு நாளும் அவர் அப்படியே அனுப்பு என்பதை அமுக்கியிருக்கிறார். நான் உள்ளே வந்திருந்தால் முதல் நிமிடத்திலேயே பார்த்திருப்பேன்.

அப்படியே உட்கார்ந்திருந்தேன். அம்மா பின்னால் வந்து நின்றாள். மோடத்தில் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

"இன்னும் அணைக்கலியா? அப்பா உடனே அணைச்சிடுவாரே" என்றாள்.

"எப்ப?"

"நம்பர் எழுதி என் கையில குடுத்த ஒடனே. அணைச்சிட்டு போன் பக்கத்துல நாற்காலியப் போட்டு உக்காந்துக்குவாரு. நீ கூப்புடுவேல்ல, லைன் ஃப்ரீயா இருக்கணும்ல."

இன்டர்நெட்டை வெட்டிய நொடியே அந்த எண் செத்துவிடும். அம்மா பக்கத்து வீட்டு வாசலைத் தாண்டும் முன்பே அது செத்திருக்கும். ஒவ்வொரு நாளும் செத்த எண்ணைத்தான் நான் தட்டிக்கொண்டிருந்தேன், அவர் அதை இரண்டு முறை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். மகள் கூப்பிடப் போகிறாள் என்றால் லைனைக் காலியாக வைக்க வேண்டும். முப்பது வருடம் ஏணியில் நின்று கற்றுக்கொண்டது அது. இந்தப் புது மாதிரி அழைப்புக்கு லைனைப் பிடித்து வைத்திருக்க வேண்டும் என்று நான் அம்மாவிடம் போகிறபோக்கில் சொன்னேனே தவிர, அது அவளுக்குப் பதிந்ததா என்று பார்க்கவில்லை, அவரிடம் ஒருமுறைகூட நேராகச் சொல்லவில்லை. கட்டம் வெள்ளையா என்று கேட்டேன். இன்னும் லைனில் இருக்கீங்களாப்பா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் டக் டக் என்றிருப்பார். கூப்பிட்ட போதெல்லாம் அந்த வீட்டு மணி அடித்தது, முதல் மணியிலேயே அவர் எடுத்தார், நான் தினமும் நுழையப் பார்த்த வாசலிலேயே அவர் உட்கார்ந்திருந்தார், அதையும் நான் கவனிக்கவில்லை. எனக்காக அவர் லைனைக் காலியாக வைத்திருந்தார். அவர் கூப்பிட்ட அன்று என் லைன் எங்கேஜ்.

இன்டர்நெட்டை வெட்டினேன். மோடத்தின் விளக்கு அணைந்தது. எழுந்து போய் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன்.

"யாருக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"யாருக்கும் இல்லம்மா" என்றேன். லைன் ஃப்ரீயாக இருந்தது. சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து வைத்தேன்.